நெட் போச்சா? முதலில் விளக்கைப் பாருங்கள்!

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுவோம். கேஸ் அடுப்பு எரியவில்லை என்றால் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்போம். ஆனால் இன்டர்நெட் நின்றுபோனால் மட்டும், "அவர் வரட்டும்", "பையன் வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஏன் சகோதரிகளே, அந்தப் பெட்டிக்குள் என்ன பூதமா உட்கார்ந்திருக்கிறது?

இதை நான் எழுதக் காரணம் எங்கள் ஆம்பூர் தெருக்கள்தான். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து செய்யும் பெண்கள் இங்கே நிறைய. எந்த டிசைன், எத்தனை ஜோடி, எப்போது எடுக்க வருவார்கள் என்பதெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. கணவர் சவுதியிலோ துபாயிலோ இருக்கிற வீடுகளில் ராத்திரி வீடியோ கால் வந்தால்தான் பிள்ளைகள் தூங்கவே போகும். நெட் என்பது பொழுதுபோக்கு என்று நினைத்த காலம் மலையேறிவிட்டது.

தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங். 2018-லிருந்து அதெல்லாம் ஆன்லைனில்தான். எந்தக் காலேஜ், எந்தப் பாடம் என்று பட்டியல் போட்டு அனுப்பச் சில நாட்கள்தான் அவகாசம். சரியாக அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், "ரிஜிஸ்டர்டு நம்பரில் இருந்து கூப்பிடுங்கம்மா" என்கிறார்கள். அந்த நம்பர் கணவருடையது. அவர் இருப்பது ரியாத்தில்! ஓ.டி.பி.யும் அந்த நம்பருக்கே போகிறது. அவர் வேலை முடிந்து பார்த்துச் சொல்வதற்குள் இங்கே ராத்திரி ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். "வீட்டுல சார் இல்லையா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பீரோவைத் தள்ளி வைத்தபோது பின்னால் ஒயர் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண் அதற்குள் தன் அம்மாவின் மொபைல் டேட்டாவை வைத்துப் பட்டியலை அனுப்பிவிட்டாள், நல்ல வேளை.

பெட்டியில் எரிந்த ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்து அர்த்தம் புரிந்திருந்தால் முதல் நாளே பீரோவை நகர்த்தியிருக்கலாம். அந்த விளக்கு விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

பைபர் இணைப்பு உள்ள வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை மோடம், ரௌட்டர், ஓ.என்.டி. என்று ஆளுக்கொரு பெயரில் சொல்வார்கள். பெயர் எதுவானால் என்ன! அதில் வரிசையாகச் சில விளக்குகள் இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கிற ஒரு நாளில் அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாக வேலை செய்யும்போது எது எரிகிறது, எது மினுக்குகிறது என்று தெரிந்தால்தானே, கெட்டுப்போனபோது வித்தியாசம் தெரியும்?

பவர் என்று எழுதிய விளக்கு எரியவே இல்லை என்றால் கோளாறு கம்பெனியிடம் இல்லை, நம் வீட்டு பிளக்கில் இருக்கிறது, அல்லது அடாப்டரில். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து வரவேண்டிய வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளிச்சமா என்று கேட்காதீர்கள். பைபர் கேபிளுக்குள் ஓடுவது கரண்ட் இல்லை. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் வெளிச்சம்தான் ஓடிவருகிறது. ஊரில் எங்கோ ரோடு தோண்டி அறுத்திருக்கலாம், உயரமாக லோடு ஏற்றிய லாரி இழுத்துப் போயிருக்கலாம், எலியோ அணிலோ கடித்திருக்கலாம். நம் வீட்டுக்குள்ளேயே மடங்கியும் இருக்கலாம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையை ஓரளவுக்கு மேல் வளைத்தால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்து போய்விடும். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைப்பதானால் நம் கை வளையல் அளவுக்குக் குறையாமல் வட்டமாகச் சுருட்டுங்கள். ஆணியில் முடிச்சுப் போடுவது, கதவிடுக்கில் நசுக்குவது எல்லாம் கூடாது. கேபிளின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

பி.ஓ.என். என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, எல்.ஓ.எஸ். அணைந்திருந்தும் நெட் இல்லையென்றால்? கேபிள் நன்றாக இருக்கிறது என்று பொருள். பணம் கட்டும் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். பாதி நேரம் இதுதான்! பணம் கட்டியிருந்தால் பெட்டியை சுவிட்சில் அணைத்து, 30 எண்ணிவிட்டுத் திரும்பப் போடுங்கள். அது எழுந்து நிற்க நாலைந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டு மறுபடி அணைக்காதீர்கள். இப்படி அணைத்துப் போடுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாள்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் தன் நினைவில் குழம்பிக் கிடப்பதை மறந்துவிட்டு, கம்பெனியிடம் புதிதாகப் பதிவு செய்துகொள்கிறது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் அல்லது அடியில் ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். "ரீசெட் பண்ணு" என்று யாராவது சொன்னார்கள் என்று ஊக்கை எடுத்து அதில் குத்திவிடாதீர்கள்! சில நொடி அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர் போட்டுவைத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடலாம். அப்புறம் ஆள் வராமல் ஒன்றும் நடக்காது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு.

சிவப்பு விளக்குக்காக ஆள் வந்தால் சும்மா நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். கேபிள் முனையை ஒரு சின்ன மீட்டரில் சொருகிப் பார்ப்பார். "எவ்வளவு தம்பி காட்டுது?" என்று கேளுங்கள். மைனஸ் 18, மைனஸ் 20 என்றால் நல்ல வெளிச்சம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடும், நாளை நிற்கும். அப்படி இருந்தால், "இணைப்பு போட்ட இடத்தைச் சரி பண்ணிட்டுப் போங்க தம்பி" என்று அப்போதே சொல்லிவிடலாம். இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த முறை "சார் இல்லையா?" என்று கேட்கமாட்டார். அதற்காகவே கேட்கலாம்!

இனி கரண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். அதன் தேனி ஆஸ்பத்திரியோடு சுற்றுவட்டாரத்துச் சின்னக் கண் நிலையங்களைக் கம்பியே இல்லாமல் இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து செய்த வேலை அது. நம் வீட்டில் இருக்கும் அதே வை-பை வகைக் கருவிதான். அதை உயரத்தில் ஏற்றி, ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி ஆண்டெனா வைத்து, கிலோமீட்டர் கணக்கில் அனுப்பினார்கள். 2006-ல் இப்படி 5 நிலையங்கள் இணைந்திருந்தன. கிராமத்துப் பாட்டி தன் ஊர்ப் பக்கத்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டலாம். பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

இதைப் பராமரித்த அனுபவத்தை அந்த ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கட்டுரையாக எழுதினார்கள். அடிக்கடி பழுதானதற்குப் பெரிய காரணமாக அவர்கள் கண்டது அலைவரிசையும் இல்லை, ஆண்டெனாவும் இல்லை. மின்சாரத்தின் தரம்! வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டரையும் உள்ளிருக்கும் போர்டையும் கெடுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து நிபுணர் வந்து பார்ப்பது கட்டுப்படியாகாது என்று, உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வலை நிலைத்தது.

ஆஸ்பத்திரிக்கே அப்படி என்றால் நம் வீட்டுப் பெட்டி எம்மாத்திரம்? கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில் பெட்டியை அணைத்துவைப்பது நல்லது. பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர்தான் வரும். மாற்று வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதிகம் இருக்கலாம், குறையக் கூடாது. முனை பொருந்துகிறதே என்று டிவி செட்-டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் சொருகுவது ஆபத்து. ரௌட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அது வீண் செலவு இல்லை. ஆனால் சில ஏரியாக்களில் நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் போய்விடும். தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இருக்காது. யு.பி.எஸ். வாங்குவதற்கு முன் அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது நெட் இருக்கிறது, ஆனால் 'சுத்திக்கிட்டே இருக்கு' என்ற வியாதிக்கு வருவோம். உடனே பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாறாதீர்கள்! போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்று பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை. கோளாறு நம் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் ஒரு அறை, நடுவில் கூடம், கடைசியில் சமையலறை. ஒயர் மிச்சமாகட்டும் என்று கேபிள்காரத் தம்பி வாசல் ஜன்னலிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அலை பாதி தெருவுக்குப் போகிறது. சமையலறையில் இருக்கிற நமக்குக் கடைசிச் சொட்டு! அதனால் முதல் நாளே, "கூடத்துல மாட்டுங்க தம்பி, ஒயர் காசு நாங்க தர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருப்பதுதான் சரி. இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி இவை எல்லாம் அலையைத் தடுக்கும். அழகுக்காக ஷோகேஸுக்குள் வைத்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள்... என்ன சொல்ல! மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் திணறினால் ஆச்சரியப்படாதீர்கள். அதுவும் வை-பையும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கின்றன.

போனில் வை-பை பட்டியலைத் திறந்தால் நம் வீட்டுப் பெயரே இரண்டு இருக்கலாம். ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். இது மொபைல் கம்பெனி விளம்பரம் செய்கிற 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை என்பதைத்தான் அப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி இருக்கும் அறையில் அது பறக்கும். சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். டிவிக்கு அதைப் போடுங்கள். சமையலறையிலும் மொட்டை மாடியிலும் வாலில்லாத மற்றதைப் போடுங்கள்.

வேகக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 100 எம்.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 100 மெகாபிட். நாம் போனில் பார்க்கும் எம்.பி. என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 என்று சொல்லி விற்பது, டவுன்லோடில் நொடிக்கு 12.5 எம்.பி.தான். ஏமாற்று இல்லை, அளவு வேறு. சேரும் ஆழாக்கும் போல. வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு ஒன்றிரண்டு மெகாபிட் தாராளம். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டுவந்தபோது 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். இதைப் பார்த்தால், முகம் பார்த்துப் பேச 300 எம்.பி.பி.எஸ். பிளான் எதற்கு என்று நீங்களே கேட்பீர்கள். விளம்பரத்தில் 399 ரூபாய் என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 470 ரூபாய் 82 காசு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பைபர் வராத இடங்களில் டவரிலிருந்து அலையை வாங்கும் வீட்டு இணைப்புகள் வந்துவிட்டன. 2022 அக்டோபர் 1-ம் தேதி நாட்டில் 5ஜி தொடங்கிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்பைபர் சென்னை உள்பட 8 நகரங்களில் முதலில் வந்தது. இதில் ரோடு தோண்டி அறுக்க ஒன்றுமில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் டவர் என்பது ஊருக்குப் பொதுக்கிணறு. எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பி ஒரே நேரத்தில் வாளியை இறக்கினால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். ராத்திரி 8 மணிக்குத் திணறி, காலை 6 மணிக்குப் பறக்கிறது என்றால் காரணம் இதுதான். பெட்டியை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை. மாடியில் வைத்த ஆண்டெனா காற்றில் திரும்பியிருக்கிறதா, அதன் முன்னால் புதிதாகத் தண்ணீர்த் தொட்டியோ மாடிக் கட்டிடமோ வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இணைப்பு வாங்கும் முன்பே, மாலை வேளையில் அதே கம்பெனி சிம் உள்ள போனை மாடிக்கு எடுத்துப்போய்ச் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். டிராய் வெளியிட்ட 'மைஸ்பீட்' என்ற ஆப்பில் வேகத்தை அளக்கலாம்.

கடைசியாகப் புகார். முதல் வேலையாக, இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் உங்கள் போன் நம்பரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். "என்னங்க, என் நம்பரையும் குடுத்துடுங்க" என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வெளிநாடு போகிறவர் பெட்டி கட்டும்போதே இதை முடித்துவிட வேண்டும். கஸ்டமர் ஐ.டி. எண்ணைப் பெட்டியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வை-பை பாஸ்வேர்டை மட்டும் ஒட்டாதீர்கள், தெருவே உங்கள் நெட்டில் படம் பார்க்கும்! அது ஏற்கனவே ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள். வேகம் திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள்.

புகார் சொன்னதும் ஒரு எண் தருவார்கள். அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள். கேஸ் வந்த தேதி எழுதும் அதே தினசரி காலண்டரில் நெட் போன தேதி, புகார் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏனென்றால், பழுது 3 நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தரவேண்டும் என்று டிராய் 2006-லேயே விதி போட்டது. 2024-ல் வந்த புதிய விதிகளிலும் 3 நாள் தாண்டினால் கழிவு உண்டு. தானாகக் கழித்திருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கேட்காதவருக்கு யார் தருவார்கள்? புகாருக்குக் கிடைத்த பதில் திருப்தியில்லை என்றால், அதே கம்பெனியில் அப்பீல் அதிகாரி என்று ஒருவர் இருக்கவேண்டும் என்பது 2012-ம் ஆண்டு விதி. 30 நாளுக்குள் அவருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் உங்கள் காலண்டரில் இருக்கிற தேதிகளையும் புகார் எண்ணையும்தான் முதலில் கேட்பார்கள்.

- ஒரு வாசகி, ஆம்பூர்.